எழுத்து மாறாமல் வரும் கோளாறு: புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் எபிஜெனடிக்ஸும்

நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் என்று ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. மருத்துவர்கள் சுருக்கமாக சி.எல்.எல். என்பார்கள். இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல், புற்றுநோய்ச் செல்களில் 13ஆவது குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட துண்டு காணாமல் போயிருக்கும். இவ்வளவு பேருக்கு அதே துண்டு தொலைகிறது என்றால், புற்றுநோய் வராமல் தடுக்கும் மரபணு ஒன்று அதற்குள் இருந்திருக்க வேண்டும். 1990களில் பல நாட்டு ஆய்வகங்கள் அந்த மரபணுவைத் தேடின. எல்லா நோயாளிகளிடமும் பொதுவாகத் தொலைந்திருக்கும் பகுதி எது என்று வருடக்கணக்காகச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். உள்ளே அகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்றுகூடக் குற்றவாளியாகத் தேறவில்லை.

2002இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கார்லோ குரோச்சே என்ற மூலக்கூறு உயிரியலாளரின் ஆய்வகம் விடையை வெளியிட்டது. குரோச்சே இத்தாலியில் பிறந்து ரோமில் மருத்துவம் படித்தவர். பின்னர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் காலினும் மற்றவர்களும் அந்தப் பகுதியை ஏறத்தாழ 30,000 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட சிறு துண்டாகக் குறுக்கிவிட்டிருந்தார்கள். அதற்குள் புரதம் தயாரிக்கும் உருப்படியான மரபணு எதுவும் இல்லை. இருந்தவை மிகச் சிறிய இரண்டு சங்கதிகள்: மிர்-15, மிர்-16. இரண்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ. வகை, அதாவது புரதம் எதையும் தராத, சுமார் 22 எழுத்தே நீளமுள்ள துணுக்குகள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் சுமார் 68 சதவீதம் பேரிடம் இவை தொலைந்தோ குறைந்தோ இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக வந்த முதல் சான்று இதுதான்.

தேடியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். மரபணு என்றால் புரதத்துக்கான குறிப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு வெற்றிடமாகவே தெரிந்தது. நம் டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கான குறிப்புகள் ஓரிரு சதவீதம்தான். மீதியைக் 'குப்பை' என்று பாடநூல்கள் எழுதியதன் விலையில் ஒரு பகுதி இது என்பது என் எண்ணம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முன் பள்ளிப் பாடத்தை ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவருவோம். டி.என்.ஏ.வில் இருக்கும் குறிப்பை, தேவைப்படும்போது, செல் ஒரு பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதிதான் தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வந்ததும், அதைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது. செல்லின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதங்களே. வளர், பிரி, நில், செத்துப்போ என்ற கட்டளைகள்கூடப் புரதங்களின் வழியாகத்தான் நிறைவேறுகின்றன. எனவே எந்தப் புரதம் எப்போது எவ்வளவு உருவாகிறது என்பதில்தான் ஒரு செல்லின் ஒழுக்கம் அடங்கியிருக்கிறது.

இந்த அளவைத் தீர்மானிப்பதில் நாம் அறியாத ஓர் அடுக்கு இருக்கிறது என்று காட்டியது ஒரு புழு. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, மண்ணில் வாழும் அந்தப் புழுவின் பெயர் சினோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹோர்விட்ஸின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் பின்னர் தனித்தனி ஆய்வகங்களில் அந்தப் புழுவின் இரண்டு மரபணுக்களைத் துருவிக்கொண்டிருந்தார்கள். லின்-4 என்ற மரபணு பழுதானால், புழு தன் குழந்தைப் பருவத்து வளர்ச்சியையே திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கும். லின்-14 பழுதானால் நேர்மாறு: சில கட்டங்களைத் தாண்டிக் குதித்துவிடும். லின்-4தான் லின்-14ஐ அடக்குகிறது என்பது வரை தெரிந்தது. எப்படி அடக்குகிறது என்பது தெரியவில்லை.

ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4ஐப் பிரித்தெடுத்தபோது, அதிலிருந்து புரதமே வரவில்லை. வந்தது சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு ஆர்.என்.ஏ. 1992இல் ஆம்ப்ரோஸும் ருவ்குனும் தங்களிடமிருந்த எழுத்து வரிசைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து ஒப்பிட்டார்கள். லின்-14இன் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில், இந்தத் துணுக்கோடு ஜோடி சேரக்கூடிய எழுத்துகள் ஒன்றல்ல, பல இடங்களில் இருந்தன. துணுக்கு போய் அங்கே ஒட்டிக்கொள்கிறது. புரத உற்பத்தி நின்றுபோகிறது. 1993 டிசம்பரில் இரு கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. ஏதோ புழுவின் விசித்திரம் என்று உலகம் கடந்து போயிற்று. 2000இல் ருவ்குனின் ஆய்வகம் லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டுபிடித்து, அது மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் மாறாமல் இருப்பதைக் காட்டிய பிறகே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் 2001இல் வந்தது. நோபல் பரிசு 2024இல்.

இன்று இதன் செயல்முறை ஓரளவு தெளிவாகத் தெரியும். மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் நீண்ட இழையாக உருவாகிறது. அந்த இழை தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி போன்ற வடிவம் எடுக்கும். உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி அதைச் சுமார் 70 எழுத்து நீளத்துக்கு வெட்டுகிறது. வெளியே வந்தபின் டைசர் என்ற இன்னொரு நொதி சுமார் 22 எழுத்துக்குக் குறைக்கிறது. அந்தத் துணுக்கை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொண்டு, பொருத்தமான தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிப் போகிறது. முழுப் பொருத்தம் தேவையில்லை. துணுக்கின் தொடக்கத்தில் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் சேர்ந்தாலே பெரும்பாலும் போதும். பொருந்திவிட்டால் அந்தத் தூது ஆர்.என்.ஏ. படிக்கப்படாமல் தடைபடும், அல்லது சிதைக்கப்படும்.

ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் போதும் என்பதில்தான் இதன் பலமும் வம்பும் இருக்கின்றன. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைத் தொட முடியும். நம் புரத மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பிடிக்குள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிடி பொதுவாக லேசானது. ஒரு புரதத்தை முற்றாக நிறுத்துவது அரிது. அளவைக் கொஞ்சம் குறைப்பதே வழக்கம்.

இப்போது அந்தக் காணாமல் போன துண்டுக்குத் திரும்பலாம். மிர்-15உம் மிர்-16உம் தொலைந்தால் ஏன் ரத்தப் புற்றுநோய்? 2005இல் குரோச்சேயின் குழு சொன்ன பதில்: அவை அடக்கிவைத்திருந்த புரதங்களில் ஒன்று பி.சி.எல்.-2. செல் தானாக மடிவதைத் தடுப்பது இந்தப் புரதத்தின் வேலை. அளவோடு இருந்தால் அது தேவையான ஒன்று. அதிகமானால், வயதாகி விழவேண்டிய வெள்ளணுக்கள் சாகாமல் குவியும். சி.எல்.எல். நோயாளிகளின் ரத்தத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பி.சி.எல்.-2 மரபணுவை 1984இல் வேறொரு புற்றுநோயில் கண்டெடுத்ததும் யோஷிஹிடே சுஜிமோட்டோவும் குரோச்சேயும்தான். அந்தப் புற்றுநோயில் குரோமோசோம்கள் இடம்மாறி ஒட்டிக்கொண்டதால் பி.சி.எல்.-2 பெருகியது. சி.எல்.எல்.லில் அத்தகைய இடமாற்றம் அநேகமாக இல்லாமலே அது பெருகியிருந்ததற்குக் காரணம் தெரியாமல் இருந்தது. இருபது ஆண்டு கழித்து அதே ஆய்வகம் ஒரு காரணத்தைச் சொன்னது.

குரோச்சேயின் ஆய்வகக் கட்டுரைகள் சிலவற்றின் படங்களைப் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன. சில கட்டுரைகள் திரும்பப் பெறவும்பட்டன. அதனால் ஒரு முடிவை வேறு ஆய்வகங்களும் கண்டனவா என்று பார்ப்பது அவசியம். மிர்-15, மிர்-16 விஷயத்தில் அது நடந்திருக்கிறது. 2010இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இந்தத் துண்டை நீக்கினார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு சி.எல்.எல். போன்ற நோய் வந்தது. பி.சி.எல்.-2 புரதத்தை நேரடியாகத் தடுக்கும் வெனட்டோக்ளாக்ஸ் என்ற மாத்திரை 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று இந்த நோய்க்கான முக்கிய மருந்துகளில் ஒன்றாக இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். துண்டு தொலையாத நோயாளிகள் சிலரிடமும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குறைவாக இருந்தன. மரபணு இருக்கிறது, எழுத்தும் பிசகவில்லை, ஆனாலும் அது வேலை செய்யவில்லை. ஏன்? இந்த இடத்தில்தான் எபிஜெனடிக்ஸ் உள்ளே வருகிறது. தமிழில் மேல்மரபியல் என்றும் எழுதுகிறார்கள்.

உங்கள் கல்லீரல் செல்லிலும் மூளை செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. இரண்டும் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம், எந்தப் பகுதியைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்ற அடையாளங்கள் வேறுவேறாக இருப்பதே. அந்த அடையாளங்களில் முதன்மையானது மீத்தைல் குறி. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு குழு ஒன்று போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் படிப்பவருக்கு இதைச் சொல்வது சுலபம். 'க' மீது ஒரு புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்தின் உருவம் அப்படியே இருக்க, அதிலிருந்த உயிரோசை அடங்கிவிடுகிறது. மீத்தைல் குறியும் அப்படித்தான். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இந்தப் புள்ளிகள் அடர்த்தியாக விழுந்தால், அந்த மரபணு வாயடைத்துப்போகும். ஏட்டுச் சுவடிகளில் ஓலை கிழிந்துவிடுமே என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். செல்லுக்கு அப்படி ஊகிக்கத் தெரியாது. புள்ளி இல்லாவிட்டால் படித்துவிடும்.

இரண்டாவது அடையாளம் ஹிஸ்டோன் புரதங்களில் இருக்கிறது. ஒரு செல்லுக்குள் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. அடங்கியிருப்பது ஹிஸ்டோன்கள் மீது சுற்றப்பட்டிருப்பதால்தான். ஹிஸ்டோனில் சில வேதிக் குறிகள் ஏறினால் சுற்று தளர்ந்து மரபணு திறக்கும். வேறு சில ஏறினால் இறுகி மூடும். சி.எல்.எல்.லில் துண்டு தொலையாத சிலரிடம் மிர்-15, மிர்-16 அடங்கிக் கிடந்ததற்கு இப்படி இறுகிப்போனது ஒரு காரணம் என்று பின்னர் காட்டப்பட்டது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தபோது, ஆய்வகத்தில் வைத்துப் பார்த்த சில நோயாளிகளின் செல்களில் அவை திரும்பத் தலைகாட்டின.

மீத்தைல் குறிகளுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை 1970களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் ஷெர்லி டெய்லரும் பீட்டர் ஜோன்ஸும் பார்த்தார்கள். எலியின் சாதாரண இணைப்புத்திசு செல்களை வளர்த்து, அவற்றில் அசாசைட்டிடின் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், தட்டில் தசைச் செல்கள்! கூடவே கொழுப்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும். டி.என்.ஏ.வில் புதிதாக எதையும் யாரும் எழுதவில்லை. அந்த மருந்து மீத்தைல் குறி வைக்கும் நொதியை முடக்கிவிட, செல் பிரியப் பிரியக் குறிகள் உதிர்ந்து, அடங்கிக் கிடந்த மரபணுக்கள் பேசத் தொடங்கியிருந்தன.

புற்றுநோய் செல்களில் இந்தக் குறிகள் இரு விதமாகவும் தாறுமாறாக இருக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 1983இல், புற்றுநோய் செல்களில் சில மரபணுக்கள் மீத்தைல் குறிகளை இழந்திருப்பதைக் காட்டினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில், புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் வேண்டாத குறிகள் குவிந்திருப்பது தெரியவந்தது. குறி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. செல் பிரியும்போது இந்தக் குறிகளும் பிரதி எடுக்கப்படுவதால், பிழை அடுத்த தலைமுறைச் செல்களுக்கும் போகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் டி.என்.ஏ.வில் மரபணு உண்டு. ஆகவே அதுவும் வாயடைக்கப்படலாம். 2006இல் அதே பீட்டர் ஜோன்ஸின் ஆய்வகத்தில் யோஷிமாசா சைட்டோ என்பவர் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களில் இதைச் செய்து காட்டினார். மீத்தைல் குறியை உதிர்க்கும் மருந்தையும் ஹிஸ்டோனைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, அடங்கியிருந்த மிர்-127 விழித்தது. அது அடக்க வேண்டிய பி.சி.எல்.-6 என்ற புற்றுநோய்ப் புரதம் குறைந்தது.

எனக்கு இந்தத் துறையிலேயே சுவையாகப் படுவது இதன் மறுபக்கம். மீத்தைல் குறி வைக்கும் நொதிகளும் புரதங்கள்தானே? அப்படியானால் அவற்றின் தூது ஆர்.என்.ஏ.வையும் ஏதாவது ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பிடித்துவைத்திருக்க வேண்டுமே? ஆம், பிடித்துவைத்திருக்கிறது. மிர்-29 குடும்பம் புதிய குறிகளை வைக்கும் இரண்டு நொதிகளை அடக்குகிறது என்று 2007இல் குரோச்சேயின் குழுவைச் சேர்ந்த முல்லர் ஃபாப்ரியும் மற்றவர்களும் எழுதினார்கள். நுரையீரல் புற்றுநோயில் மிர்-29 குறைகிறது, நொதிகள் பெருகுகின்றன, புற்றுநோயைத் தடுக்கும் காவல் மரபணுக்கள் மீது குறிகள் குவிகின்றன. செல்களுக்குள் மிர்-29ஐத் திரும்பச் செலுத்தியபோது, அடங்கியிருந்த காவல் மரபணுக்கள் மீண்டும் இயங்கின.

ஹிஸ்டோன் பக்கமும் இதே கதை. ஈ.இசட்.எச்.-2 என்ற நொதி ஹிஸ்டோனில் குறி வைத்து மரபணுக்களை மூடுகிறது. அதை அடக்குவது மிர்-101. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு 2008இல் புராஸ்டேட் புற்றுநோயை ஆராய்ந்தபோது, நோய் பரவாத 16 மாதிரிகளில் 6இல் மிர்-101இன் மரபணு இழப்பு தெரிந்தது. பரவிவிட்ட 33 மாதிரிகளில் 22இல். நோய் முற்ற முற்ற இந்தக் காவலும் கழன்றுபோகிறது.

ஆக, மைக்ரோ ஆர்.என்.ஏ. குறையும்போது குறி வைக்கும் நொதி கூடுகிறது. நொதி கூடினால் வேறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் வாயடைக்கப்படலாம், அதனால் இன்னும் சில புரதங்கள் கட்டுமீறும். எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்ப் பிடிப்பது கடினம். டி.என்.ஏ.வின் எழுத்துகளை மட்டும் வரிசையாகப் படித்துவிட்டால் புற்றுநோய் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஏன் பாதி வழியில் நின்றது என்பதற்கு இந்தச் சுழல் ஒரு காரணம்.

அப்படியானால் குறைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மருந்தாகக் கொடுத்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். தோன்றியவர்கள் செய்தும் பார்த்தார்கள். மிர்-34 என்பது, பி-53 என்ற புகழ்பெற்ற காவல் புரதத்தின் கட்டளைப்படி உருவாகும் மைக்ரோ ஆர்.என்.ஏ. பல புற்றுநோய்களில் அது மீத்தைல் குறியால் அடக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொழுப்புத் துகளில் பொதிந்து நோயாளிகளுக்குச் செலுத்தும் முதற்கட்டச் சோதனை 2013இல் அமெரிக்காவில் தொடங்கியது. சிலரிடம் கட்டி சுருங்கியது உண்மை. ஆனால் கடுமையான நோயெதிர்ப்பு எதிர்விளைவுகளும் உயிரிழப்புகளும் நேர, 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களைத் தொடும் ஒன்றை உடல் முழுவதும் அனுப்புவது அத்தனை எளிதில்லை.

இன்னொரு சிக்கல், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லா இடத்திலும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. நுரையீரலில் காவலாக இருந்த மிர்-29ஐ எலிகளின் பி-லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் மிகையாக உருவாக்கியபோது, அந்த எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயே வந்தது. 'நல்ல' மைக்ரோ ஆர்.என்.ஏ., 'கெட்ட' மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பட்டியல் போட்டு வரும் கட்டுரைகளை ஒதுக்கிவிடலாம். எந்தத் திசுவில் என்ற கேள்வி இல்லாமல் அந்தப் பட்டியலுக்குப் பொருள் இல்லை. 'மரபணுவைத் திருத்தும் எபிஜெனடிக் உணவு' என்று பொடி விற்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த மரபணுவில், எந்தத் திசுவில், குறியை ஏற்றவா இறக்கவா என்று கேட்டுப் பாருங்கள்.

எபிஜெனடிக்ஸ் பக்கம் மருத்துவமனை வரை வந்த பலன்கள் உண்டு. அந்த எலிச் செல்களைத் தசையாக்கிய அசாசைட்டிடின், 2004இல் எம்.டி.எஸ். என்னும் எலும்பு மஜ்ஜைக் கோளாறுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு அதிக அளவில் கொடுத்து நச்சாக முடிந்த மருந்து அது. குறைந்த அளவில் கொடுத்தபோதுதான் பயன்பட்டது. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் எம்.ஜி.எம்.டி. மரபணு மீத்தைல் குறியால் அடங்கியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அந்த மரபணு டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்வது. புற்றுநோய் செல்லில் அது அடங்கியிருந்தால், டெமோசோலமைடு மருந்து ஏற்படுத்தும் சேதத்தைக் கட்டியால் சரிசெய்துகொள்ள முடியாது. எனவே மருந்து நன்றாக வேலை செய்யும். அதாவது இந்த ஒரு மரபணு வாயடைத்திருப்பது நோயாளிக்குச் சாதகம். பெருங்குடல் கட்டிகளில் எம்.எல்.எச்.-1 மரபணுவின் குறியைப் பார்ப்பது வேறொரு காரணத்துக்காக. அந்த மரபணு மீத்தைல் குறியால் அடங்கியிருந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள்ளேயே உண்டானது, பரம்பரையாக வந்ததல்ல என்று கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்ற முடிவு பல வேளைகளில் சோதனை அறிக்கையின் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.